தேவாலயத்தை யார் யாருக்கு விற்றார்கள்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் 2016-ஆம் ஆண்டு ஒரு பழைய வீட்டை விலைக்கு வாங்கிக் கணவருடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர்த் தேவாலயத்தின் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. 13-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே பணிபுரிந்த குருமார்களின் பெயர்களும், எதிரே அவர்களை நியமித்தவர்களின் பெயர்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. முதலில் ஒரு மடம், பிறகு அரசர், பிறகு ஒரு குடும்பம், கடைசியில் ஆக்ஸ்போர்டின் ஒரு கல்லூரி. கடவுளின் வீட்டை இப்படி விற்கவும் வாங்கவும் முடிந்ததா? ஊர் வரலாற்றுக் குழுவினர் எங்கள் மேனரின், அதாவது பழைய பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த பண்ணை வட்டத்தின், உடைமை வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் யார் யாருக்குச் சொந்தமாக இருந்தது? எங்கே தொடங்குவது? எங்கள் வீட்டின் பதிவேட்டில் கனிம உரிமை மேனர் பிரபுவுக்கு உரியது என்று ஒரு வரி இருக்கிறது. தேவாலயத்தின் பழுதுச் செலவும் ஒருநாள் எங்கள் தலையில் விழும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். மகனோ, 'மேனர் பிரபு' என்ற பட்டமே விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறான்.

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 2016-இல் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பதிவேட்டு நகலில் தேவாலயப் பழுதுச் செலவு பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. 2002-ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டத்தின் கீழ், 2013 அக்டோபர் 13-க்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியவரை, வாங்கிய நாளில் பதிவேட்டில் ஏறாத அத்தகைய பொறுப்பு கட்டுப்படுத்தாது. ஆகவே அந்த வில்லங்கம் உங்கள் வீட்டின்மேல் இல்லை என்றே கொள்கிறேன். அப்படி ஒரு பொறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் பலகையின் புதிரும் அவிழும் என்பதால், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

'எங்கள் ஊர் யார் யாருக்குச் சொந்தமாக இருந்தது' என்று கடிதத்தில் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குழம்பித்தான் திரும்புகிறார்கள். ஒரே மண்ணின்மேல் நான்கு தனித்தனி உடைமைகள் இருந்தன. மேனரின் பிரபுத்துவம் ஒன்று. நிலத்தை உழுது அனுபவித்தவர்களின் உரிமை இரண்டாவது. தேவாலயத்துக்குக் குருவை நியமிக்கும் உரிமை மூன்றாவது. ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைப் பெறும் உரிமை நான்காவது. இவை நான்கும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்திருக்கலாம். ஆனால் தனித்தனியாக விற்கப்பட்டன, சீதனமாகத் தரப்பட்டன, அடமானம் வைக்கப்பட்டன. நான்குக்கும் நான்கு ஏடுகள் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான யோசனை. கிடைக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் எந்த ஏட்டில் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேனர் என்பது ஓர் அதிகார வட்டம். பிரபுவுக்குக் குடியானவர்களிடமிருந்து நிலவாரமும் உழைப்பும் வரும். அவர் பெயரால் மேனர் நீதிமன்றம் கூடும். பாரிஷ் என்பது தேவாலயத்தின் எல்லை. நம் கிறிஸ்தவர்கள் பங்கு என்றும் சேகரம் என்றும் சொல்வது அதைத்தான். ஒரு பாரிஷுக்குள் மூன்று மேனர்கள் இருக்கலாம். ஒரு மேனரின் நிலம் இரண்டு பாரிஷ்களில் சிதறிக் கிடக்கலாம். சில ஊர்களில் உடைமை வரலாறு பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அடுத்தடுத்து இருக்கும் அபட்ஸ் லாங்லியும் கிங்ஸ் லாங்லியும் அப்படிப்பட்டவை. முன்னது செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவருக்கும், பின்னது அரசருக்கும் உரியவையாக இருந்தன.

ஒரு மேனர் எப்படிக் கைமாறும் என்பதற்கு நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டனைப் பாருங்கள். 1066-க்கு முன் டோக்கி என்பவரிடமிருந்த அந்த மேனர், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஜெஃப்ரி அல்செலின் வசமானது. நூற்றாண்டுகள் பல கடந்து லண்டன் வணிகரான சர் வில்லியம் கோர்ட்டன் கைக்கு வந்தபோது, 1635-இல் அவருக்காக மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் ஊரின் ஒவ்வொரு நிலக்கீற்றையும் அளந்து வரைபடமாக்கினார். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இன்றும் இருக்கும் அந்த வரைபடத்தின் ஓரங்களில் உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் விரல்நகம் அளவில் தீட்டியிருக்கிறார்கள். அதன்பின் பியர்பாண்ட் குடும்பத்தின் கிங்ஸ்டன் பிரபுக்கள், அவர்கள் வழியில் மான்வர்ஸ் பிரபுக்கள். 1952-இல் அரசின் வேளாண் அமைச்சகம். 1981-இல் அரசுரிமைச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட். 2020-இல் அதை வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பியர்பாண்ட் குடும்பத்தின் பழைய இருப்பிடமே. இவ்வளவு கைமாற்றங்களுக்கும் நடுவே மேனர் நீதிமன்றம் மட்டும் நின்றுபோகவில்லை. இன்றும் குளிர்காலத் தொடக்கத்தில் ஜூரிகள், ஊரார் கீற்றுக் கீற்றாகப் பங்கிட்டு உழும் பொதுவயலைச் சுற்றிவந்து எல்லை முளைகளைச் சரிபார்க்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் மதுக்கடையில் கூடும் நீதிமன்றத்தில், பொதுப் பாதையைச் சேர்த்து உழுதவருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. உடைமையாளர் மாறினாலும் உரிமை தன் வழியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் அறியேன்.

உங்கள் ஊருக்கும் தொடக்கப்புள்ளி பெரும்பாலும் டூம்ஸ்டே நூலாகத்தான் இருக்கும். 1085 கிறிஸ்துமஸின்போது குளோஸ்டரில் நார்மானிய அரசர் முதலாம் வில்லியம் ஆணையிட்டதன்பேரில் 1086-இல் எடுக்கப்பட்ட கணக்கு அது. ஒவ்வொரு இடத்துக்கும், நார்மானியர் வெற்றிக்கு முந்தைய எட்வர்ட் அரசர் காலத்தில் வைத்திருந்தவர் பெயரையும் அப்போது வைத்திருப்பவர் பெயரையும் தந்து, ஏர்கள் எத்தனை, ஆலை உண்டா, ஆண்டு மதிப்பு என்ன என்று சொல்லிக்கொண்டு போகும். நார்மானியர் வெற்றி எத்தனை குடும்பங்களின் நிலத்தைப் பறித்தது என்பது அந்த இரண்டு பெயர்களுக்கு இடையில் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தேவாலயத்தை அந்தக் கணக்கு குறிப்பிடவில்லை என்பதற்காக அப்போது ஊரில் தேவாலயமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வரி கணக்கிட வந்தவர்கள் சில மாவட்டங்களில் தேவாலயங்களைக் குறித்தார்கள். சிலவற்றில் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

நிலம் முழுவதும் அரசருடையது, மற்றவர்கள் அவரிடமிருந்து 'வைத்திருப்பவர்கள்' மட்டுமே என்ற கொள்கை வில்லியம் காலத்தில் வேரூன்றியது. அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்றவர் தமக்குக் கீழ் ஒருவருக்கும், அவர் இன்னொருவருக்கும் கொடுத்து அடுக்கு நீண்டுகொண்டே போகாதபடி 1290-இல் ஒரு சட்டம் தடுத்தது. அதன்பிறகு புதிய மேனரை யாரும் உண்டாக்க முடியாது. எனவே 16-ஆம் நூற்றாண்டுப் பத்திரம் ஒன்றில் அதுவரை கேள்விப்படாத மேனர் ஒன்று திடீரென்று தலைகாட்டினால் ஐயத்தோடு அணுகுங்கள். பெரிய பண்ணை ஒன்றுக்கு மதிப்புக்காகச் சூட்டிய பெயராக அது இருக்கலாம்.

இடைக்காலத்துக்கு இரண்டு ஆவண வரிசைகள் கைகொடுக்கும். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும் ஊர் ஜூரிகளைக் கூட்டி, அவர் என்ன வைத்திருந்தார், வாரிசு யார், வயது என்ன என்று விசாரித்து எழுதிய அறிக்கைகள் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவை கிடைக்கும். மற்றொன்று நிலக் கைமாற்றத்துக்காக நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாடுகள். இவை 1195 முதல் 1833 வரை நீள்கின்றன. ஒரே தோல் தாளில் அதே வாசகத்தை மூன்று முறை எழுதி, வளைந்து நெளிந்த கோட்டில் வெட்டுவார்கள். இரண்டு துண்டுகள் இரு தரப்புக்கும், அடித்துண்டு நீதிமன்றத்துக்கும் போகும். யாராவது போலித்துண்டு கொண்டுவந்தால் வெட்டு பொருந்தாது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படி ஓர் அடித்துண்டை முதன்முதலாகக் கையில் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தத் தோலின் மேல்விளிம்பில், பிரிந்துபோன மற்ற இரண்டு துண்டுகளின் வடிவம் அப்படியே இருந்தது.

இனி உங்கள் பலகைக்கு வருவோம். ஆதியில் பல ஊர்களில் தேவாலயத்தைக் கட்டியவர் மேனர் பிரபு. கட்டியவருக்குக் குருவைத் தேர்ந்து ஆயரிடம் முன்மொழியும் உரிமை இருந்தது. விற்கப்பட்டதும் வாங்கப்பட்டதும் இந்த நியமன உரிமைதான். கட்டடத்தைப் பொறுத்தவரை, அதன் உடைமை சட்டப்படி அந்தந்தக் காலத்துக் குருவின் பதவியில் நிலைத்திருக்கிறது. கிண்ணம், மணி போன்ற அசையும் பொருள்கள் தேவாலயக் காப்பாளர்களின் பொறுப்பில் உள்ளன. பராமரிப்பைப் பாரிஷ் மன்றம் எனப்படும் தேவாலய மன்றம் கவனிக்கிறது. ஆக, கடவுளின் வீட்டை யாரும் விற்கவில்லை. அதன் படிகளில் யார் ஏறவேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை விற்றார்கள். அது சரியா என்ற உங்கள் மனக்குமுறல் நியாயமானது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாணிகத்தைக் கட்டுப்படுத்தியது; இங்கிலாந்துத் திருச்சபையே 1986-ஆம் ஆண்டின் விதிகளால் விற்பனையை முற்றிலும் நிறுத்தியது. நியமன உரிமை எந்த நிலத்தோடும் ஒட்டியிருந்த பிணைப்பும் அந்த விதிகளாலேயே அறுந்தது.

பலகையின் நிழற்படத்தில் ஒன்றைக் கவனித்தேன். தொடக்கத்துக் குருமார்கள் 'ரெக்டர்', அதாவது தசமபாகம் முழுவதையும் பெறும் குரு, என்றும், அதற்கடுத்து வருபவர்கள் 'விக்கர்' என்றும் எழுதப்பட்டிருக்கிறார்கள். நியமித்தவரின் பெயர் அதே மடமாகத் தொடர்வதால் இந்த மாற்றம் எளிதில் கண்ணில் படாது. ஆனால் உங்கள் தேவாலயத்தின் வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வு அந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. பக்தியாலோ ஆன்மாவின் ஈடேற்றத்துக்காகவோ பிரபு ஒருவர் தம் நியமன உரிமையை மடத்துக்குக் கொடுத்திருப்பார். பின்னர் மடம் ஆயரின் அனுமதி பெற்று, தானே ரெக்டராகி, தானியமும் உலர்புல்லும் சேர்ந்த பெரிய தசமபாகத்தை எடுத்துக்கொண்டது. ஊரில் தனக்குப் பதிலாக நின்று வழிபாடு நடத்தும் விக்கருக்குக் காய்கனி, ஆட்டுக்குட்டி போன்றவற்றின் சிறிய தசமபாகத்தை விட்டுக்கொடுத்தது. விக்கர் என்ற சொல்லுக்கே 'பதிலாள்' என்றுதான் பொருள். அந்த ஆண்டுக்கு நேராக ஆயரின் பதிவேட்டில் தேடினால் மடத்துக்கு ஒப்படைத்த ஆணை கிடைக்கக்கூடும். 1349-க்கு எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருப்பதும் தற்செயலன்று. அது கொள்ளைநோய் வந்த ஆண்டு.

பலகையில் மடத்துக்குப் பிறகு அரசர் வருவதற்குக் காரணம் எட்டாம் ஹென்றி. 1535-இல் திருச்சபைச் சொத்துகளுக்கெல்லாம் மதிப்பீடு எடுக்கச் சொன்னார். 1536-இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களைச் சட்டத்தால் கலைத்தார். 1540-க்குள் பெரிய மடங்களும் போய்விட்டன. அந்தச் சொத்துகளை ஏற்று நிர்வகிக்கத் தனி நீதிமன்றமே அமைந்தது. அதன் விற்பனைக் கோப்புகளில், உங்கள் மடத்தின் சொத்துகளை வாங்க வந்தவர் பெயரும் விலைக் கணக்கும் இருக்க வாய்ப்புண்டு. நியமன உரிமையும் தசமபாக உரிமையும் இங்கே பிரிந்திருக்கலாம். பலகையில் அடுத்து வரும் குடும்பம் நியமன உரிமையை வாங்கியது என்பது மட்டும்தான் உறுதி. தசமபாகத்தை வேறு யாராவது வாங்கியிருக்கலாம். கல்லூரி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வழமையான காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஃபெலோக்கள் எனப்படும் ஆசிரிய உறுப்பினர்கள் திருமணம் செய்துகொண்டால் பதவியை விடவேண்டும். அப்படி விலகுகிறவர்களுக்கு ஊர்க் குரு வேலை தருவதற்காகவே கல்லூரிகள் நியமன உரிமைகளை வாங்கிச் சேர்த்து வைத்தன.

பக்கத்து வீட்டார் சொல்லும் பயம் இங்கேதான் முளைத்தது. தேவாலயத்தின் மக்கள் அமரும் பகுதியைப் பழுதுபார்ப்பது ஊராரின் கடமை. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியான சான்சலைப் பழுதுபார்ப்பது ரெக்டரின் கடமை. மடம் ரெக்டராக இருந்தவரை மடம் அதைச் செய்தது. மடத்தின் சொத்தை வாங்கிய சாதாரண நிலக்கிழார் பெரிய தசமபாகத்தோடு கடமையையும் சேர்த்தே வாங்கினார். 18-ஆம் நூற்றாண்டில் பொதுவயல்களுக்கு வேலியிட்டுப் பங்கிட்டபோது, பல இடங்களில் தசமபாகத்துக்கு ஈடாக நிலம் ஒதுக்கினார்கள். கடமை அந்த நிலத்தில் ஏறிக்கொண்டது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோவில் நடந்தது இதுதான். அங்கே வேலியிட்ட ஆண்டு 1743. இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1994-இல், அந்த நிலத்தை வைத்திருந்த தம்பதியிடம் சான்சல் பழுதுக்காக 95,000 பவுண்டுக்கு மேல் கேட்டுப் பாரிஷ் மன்றம் அறிவிப்பு அனுப்பியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தம்பதியின் பக்கம் நின்றது. 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை மாற்றி, அவர்கள் கட்டத்தான் வேண்டும் என்றது. தொகை இறுதியாக முடிவானபோது அது ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. வழக்குச் செலவு அதற்கு மேல். கேட்டவர்களும் ஒரு சிறிய ஊரின் தேவாலய மன்றத்தினர்தான். கேட்காமல் விட அவர்களுக்கு வழியில்லை. இரு தரப்பையும் நசுக்கிய அந்த வழக்கை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, பொறுப்பைக் கோருகிறவர்கள் அதை 2013 அக்டோபர் 13-க்குள் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்ற காலக்கெடு பெரிய பொருள் பெற்றது. அதற்குப் பின்னும், விலைக்கு விற்கப்படாமல் பழைய உடைமையாளரிடமே இருக்கும் நிலத்தின்மேல் குறிப்பை ஏற்ற முடியும். தானமாகவோ மரபுரிமையாகவோ கைமாறினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பக்கத்து வீட்டார் எப்போது, எந்த வகையில் வீட்டைப் பெற்றார்கள் என்று கேளுங்கள். 2013-க்கு முன்பே பெற்றிருந்தால், அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கலாம். தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கனிம வரியைப் பற்றி. உங்கள் வீட்டு நிலம் ஒரு காலத்தில் மேனர் நீதிமன்றத்தின் ஏட்டு நகலின்பேரில் அனுபவிக்கப்பட்ட 'காப்பிஹோல்டு' நிலமாகப் பெரும்பாலும் இருந்திருக்கும். விற்பவர் மேனர் காரியக்காரரின் கையில் ஒரு கோலைக் கொடுத்து நிலத்தை ஒப்படைப்பார்; வாங்குபவர் அந்தக் கோலின் நுனியைப் பிடித்து ஏற்றுக்கொள்வார். அதை ஏட்டில் எழுதி, ஒரு நகலைக் கொடுப்பார்கள். அந்த நகலே பத்திரம். 1926 ஜனவரி 1-ஆம் நாள் இந்த முறை ஒழிந்து, காப்பிஹோல்டு நிலங்கள் முழு உரிமை நிலங்களாயின. ஆனால் பூமிக்கடியில் உள்ள கனிமம், வேட்டை போன்ற சில உரிமைகளைப் பிரபுவுக்குச் சட்டம் காப்பாற்றித் தந்தது. உங்கள் நிலத்தைத் தோண்டி எடுத்துச் செல்லலாம் என்று இதற்குப் பொருளில்லை. வேறு வழக்கம் நிறுவப்படாத வரையில், உங்கள் சம்மதமின்றி அவர் தோண்ட முடியாது. அவர் சம்மதமின்றி நீங்களும் கனிமம் எடுக்க முடியாது. வீட்டில் குடியிருப்பதற்கு இதனால் இடையூறு இல்லை. வரலாறு எழுதுகிறவருக்கோ இது நல்ல செய்தி: உங்கள் மனை மேனரின் ஏடுகளில் இருந்திருக்கக்கூடும், முந்தைய குடியிருப்பாளர்களின் பெயர்கள் அங்கே கிடைக்கலாம்.

மகனிடம் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். மேனரின் பிரபுத்துவம் இன்று பெரும்பாலும் நிலமில்லாத வெறும் உரிமை. அதை வாங்குகிறவர் 'லார்ட்' ஆகிவிடமாட்டார். 2003 அக்டோபர் 13-க்குப் பிறகு பிரபுத்துவத்தை நிலப் பதிவேட்டில் புதிதாகப் பதியவும் முடியாது. எனவே அதற்கு முன்பே பதிவாகாத பிரபுத்துவமாக இருந்தால், விற்பவரின் உரிமையைப் பழைய பத்திரங்களின் தொடர்ச்சியால் மட்டுமே நிரூபிக்கவேண்டும். அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தால், கொடுத்த பணத்துக்குக் கையில் இருப்பது ஒரு காகிதம் மட்டுமே.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள். 1910-இல் தொடங்கிய நில மதிப்பீட்டின் களக் குறிப்பேடுகள் கியூவில் இருக்கின்றன. உங்கள் வீட்டின் அறைகளைக்கூட அதில் எழுதியிருக்கலாம். அதற்கு முன்னே 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரான தசமபாக வரைபடம். அதனோடு இணைந்த அட்டவணையில் ஒவ்வொரு மனையின் உடைமையாளரும் குடியிருப்பாளரும் தனித்தனியே இருப்பார்கள், தசமபாகம் யாருக்குப் போனது என்றும் தெரியும். உங்கள் நான்காவது ஏடு அங்கே நிரம்பத் தொடங்கும். மேனர் ஏடுகள் இன்று எந்தக் காப்பகத்தில் உள்ளன என்பதைத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் மேனர் ஆவணப் பதிவேடு காட்டும். 1733-க்கு முந்தையவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஆனால் வாசகங்கள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் ஆசிரியையான உங்களுக்கு ஓரிரு மாதங்களில் பிடிபட்டுவிடும். தேதியில் மட்டும் விழிப்பாக இருங்கள்: 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. பிப்ரவரி 1640 என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 1641. இதைக் கவனிக்காமல், இறந்தவர் அடுத்த மாதம் பத்திரம் எழுதினார் என்று எழுதிவிட்ட ஊர் வரலாறுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை இந்த வாரமே செய்யுங்கள். விற்பவர் தம் உரிமையைக் காட்ட எத்தனை ஆண்டுப் பத்திரத் தொடர் தேவை என்பதைச் சட்டம் 1925-இல் 30 ஆண்டாகவும், 1969-இல் 15 ஆண்டாகவும் குறைத்தது. பதிவேடே போதும் என்ற காலமும் வந்ததும், பழைய பத்திரக் கட்டுகளை யாரும் சீந்தவில்லை. என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரின் 1702-ஆம் ஆண்டுப் பத்திரம், அவருக்குக் கடன் கொடுத்திருந்த நிறுவனத்தின் கிடங்கில், அழிப்பதற்காகக் கட்டிவைத்த மூட்டைக்குள் இருந்தது; இரண்டு நாள் தாமதித்திருந்தால் போயிருக்கும். உங்களுக்கு வீட்டை விற்றவருக்கும், அவருடைய வழக்கறிஞருக்கும், அடமானம் கொடுத்த வங்கிக்கும் தனித்தனியே கடிதம் எழுதி, பதிவுக்கு முந்தைய பத்திரங்கள் எவையேனும் இருந்தால் அவற்றை அழிக்காமல் உங்களிடம் தருமாறு கேளுங்கள்.